விளக்கு வைத்த பின் ஒரு மணி நேரம்

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, தமிழக எல்லைக்குள் வந்ததும் முதலில் தேங்கி நிற்பது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில்தான். கேழ்வரகு விளைந்த இந்தச் சீமையில் இன்று சிப்காட் ஆலைகளும் ரோஜாத் தோட்டங்களும் பெருகியுள்ளன. தகப்பனார் இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிய பிறகு, தாயாரும் வேலையிலிருந்து திரும்பாத நேரத்தில், பள்ளி விட்டு வரும் குழந்தைக்குக் கதவு திறப்பவர் பெரும்பாலும் தாத்தா அல்லது பாட்டி. ஆகவே வீட்டுப்பாடம் என்னும் பொறுப்பும் யாரும் கேட்காமலேயே அவர்கள் மடியில் வந்து விழுகிறது.

“எனக்கு இந்தப் பாடமெல்லாம் என்ன தெரியும்?” என்பதே அவர்களில் பலருடைய மனக்குறை. எல்லைப் பகுதியில் இக்குறை இரட்டிப்பாகிறது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஊர்கள் இவை. பாட்டியை ‘அவ்வா’ என்றழைக்கும் வீடும், ‘அஜ்ஜி’ என்றழைக்கும் வீடும் அடுத்தடுத்து இருக்கும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாகப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகளிலோ மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். அவ்வாவுக்குத் தெரிந்த எழுத்து ஒன்று, பேரனின் புத்தகத்தில் இருக்கும் எழுத்து வேறொன்று. இந்நிலையில் அவர் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. நம் பழைய கல்வி முறையைச் சற்று நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வேத பாடசாலையில் குரு ஒரு முறை சொல்ல, சிஷ்யர்கள் இரு முறை திருப்பிச் சொல்வது ‘சந்தை’. அன்றைக்குக் கேட்டதைப் பின்னர் பல தடவை ஓதி உறுதிப்படுத்திக் கொள்வது ‘திருவை’. புதியதைக் கற்பதற்குச் செலவாகும் நேரத்தைவிடக் கற்றதைத் திருப்புவதற்குச் செலவாகும் நேரமே அங்கு அதிகம். சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் பின்னி ஓதும் கிரமம், ஜடை, கனம் ஆகிய முறைகளும் பிழை நேராமல் காக்கும் பயிற்சிகளே. எழுத்தின் துணையின்றி இவ்வளவு பெரிய வாங்மயம் காக்கப்பட்டதை வியந்து, 2003-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வேத பாராயண மரபை மானுடத்தின் அரிய செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதே அடிப்படைதான். உ.வே. சாமிநாதையர் தமது ‘என் சரித்திர’த்தில் அக்காலப் பள்ளி வாழ்க்கையை விரிவாக வருணித்திருக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் பூவின் பெயர், ஊரின் பெயர், பறவையின் பெயர் என ஏதேனும் ஒன்றைச் சொல்லி அனுப்புவார். அதை இரவெல்லாம் நினைவில் வைத்திருந்து மறுநாள் காலையில் ஒப்பிக்க வேண்டும். அதற்கு நோட்டும் வேண்டாம், எழுதுகோலும் வேண்டாம். வீட்டுப்பாடம் என்பதன் சாரம் முழுவதும் இந்தச் சிறு வழக்கத்தில் அடங்கியிருக்கிறது. கேட்டது ஓர் இரவு தாண்டியும் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

இக்கால உளவியலாரும் இதையே வேறு வழியில் கண்டறிந்தனர். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு ஆராய்ந்து, கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வெகு விரைவாக மறந்துபோகிறது என்று 1885-இல் எழுதினார். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர். புத்தகத்தைக் கண்ணால் மேய்வது படிப்பாகாது. மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் படிப்பு.

சொல்லிப் பார்க்கக் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே! அந்த ஒருவர் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. “இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள்? எனக்குப் புரியும்படி சொல்லு” என்று பாட்டி கேட்கலாம். தமிழில் படித்ததைப் பேரன் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்ல வேண்டி வந்தால் இன்னும் நல்லது. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்ததை வேறு மொழியில் சொல்ல முடியாது. தடுமாறும் இடம் எதுவென்று குழந்தைக்கே தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொன்னால் போதும்.

இடமும் நேரமும் மாறாதிருத்தல் அடுத்தது. மாலை விளக்கேற்றி நமஸ்கரித்ததும் அதே கூடத்தில், அதே பாயில் உட்காரும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், ‘படி, படி’ என்று நச்சரிக்க வேண்டிய தேவை குறையும். பள்ளியிலிருந்து வந்தவுடன் உட்கார வைப்பது கூடாது. பசியாறி, அரை மணி நேரமாவது ஓடியாடிய பிறகே புத்தகம். கடினமான பாடம் முதலில், எழுத்து வேலை பின்னர். நாளைக்குரிய புத்தகங்களைப் பையில் அடுக்குவதும் அந்த ஒரு மணி நேரத்தின் வேலையே. அதைக் குழந்தையே செய்ய வேண்டும். அருமைப் பேத்தி அழுகிறாளே என்று படம் வரைந்து, மாதிரி செய்து தாமே முடித்துக் கொடுக்கும் தாத்தாக்கள் அன்பினால் செய்கிறார்கள் என்றாலும் அது உதவி ஆகாது.

சற்றுக் கசப்பான செய்தியும் ஒன்று உண்டு. பேரன் படிக்கும் அதே கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தால் எந்த முறையும் பலிக்காது. ஏகாதசி விரதமிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத் தொலைக்காட்சி விரதம் பெரிதல்லவே! கைப்பேசி மற்றொரு சிக்கல். வீட்டுப்பாடம் தகப்பனாரின் வாட்ஸ்அப்பில் வருகிறது. கைப்பேசியோ அவருடன் ஷிப்டுக்குப் போய்விடுகிறது. பள்ளியிலேயே டைரியில் எழுதி வரப் பழக்குவதே இதற்கு வழி.

எவ்வளவு வீட்டுப்பாடம் தகும் என்பதையும் பெரியவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கையின்படி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்புக் குழந்தை இரவு பத்து மணி வரை எழுதிக்கொண்டிருந்தால் குழந்தையைக் கடிந்து பயனில்லை. பள்ளிக்குச் சென்று பேச வேண்டும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைப்பதற்காகவே 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. குடியிருப்புப் பகுதியிலேயே மாலையில் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் பாடம் நடத்தினர்.

பரீட்சை நெருங்கும்போது சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் பேனாவுடன் போவதும் ஹயக்ரீவருக்கு வேண்டிக்கொள்வதும் நல்ல வழக்கங்களே. ஆனால் மார்ச் மாதத்து அர்ச்சனைக்கு முன்னால் ஜூன் மாதத்திலிருந்தே பாய் விரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஓய்வுக்கும் மரபில் இடமுண்டு. பிரதமை, அஷ்டமி போன்ற அநத்யயன தினங்களில் பாடசாலையில் புதுப் பாடம் கிடையாது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அம்பிகையின் முன் வைத்துவிட்டால் பிரித்துப் படிப்பதில்லை. மறுநாள் விஜயதசமியன்று புனர்பூஜை முடிந்ததும் ஒவ்வொரு புத்தகத்திலும் சில வரிகளாவது வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். பெரும்பாலான வீடுகளில் அந்த வாசிப்பைப் பூஜையறை வாசலில் உட்கார்ந்து கேட்பவர் பாட்டிதான்.