போர்முனையிலிருந்து மேலவைக்கு: ஜானகி ஆதி நாகப்பன்

படை அதிகாரியாக இருந்தவர் அரசியலுக்கு வருவது உலகில் புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்று கொடுத்த தளபதி யூலிசஸ் கிராண்ட் 1869-இல் அந்நாட்டின் அதிபரே ஆனார். மலேசியத் தமிழரிடையே அப்படி யாரேனும் உண்டா என்று கேட்டால் நாம் ஆண்களின் பெயரைத்தான் தேடுவோம். தேட வேண்டியது ஒரு பெண்ணின் பெயரை.

ஜானகி 1925 பிப்ரவரி 25-ஆம் நாள் கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பின்னர் கோலாலம்பூரில் அவர் உரையாற்றி நிதி கேட்டபோது, ஜானகி தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை, படையிலும் சேர முனைந்தார். வீட்டில், அதிலும் தந்தையிடம், கடும் எதிர்ப்பு. ஒருவழியாகச் சம்மதம் கிடைத்தபோது அவருக்கு வயது 18.

அவர் சேர்ந்தது இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தளபதி. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. செல்லமாக வளர்ந்த ஜானகிக்கு முகாம் வாழ்க்கை முதலில் ஒத்துவரவில்லை. பிறகு பழகிக்கொண்டார், படையின் துணைத் தளபதியாக உயர்ந்து பர்மாவுக்கும் சென்றார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அப்படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜானகியைப் போல் வசதி படைத்தவர்கள் அல்லர். பால்மரம் சீவிய தோட்டத்துப் பெண்கள். எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனை. அன்று பேராக் தோட்டங்களில் ரப்பர்தான் சோறு போட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அந்த ரப்பரும் விலைபோகவில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தோட்டத்து ஆண்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை. அந்த நிலையில் ஒரு பெண்ணை இராணுவத்துக்கு அழைத்தது நாட்டுப்பற்று மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. வேளைக்கு உணவு, சீருடை, 'கூலி' என்று யாரும் கூப்பிடாத ஓர் இடம். இவையும் சேர்ந்தே அழைத்திருக்கும். படையில் ஆயிரம் பேர் இருந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள். 500-க்கும் குறைவே என்கிறது பின்னர் வந்த ஆய்வொன்று. எதுவாயினும், நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் சிலரே.

1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூன் கைவிடப்பட்டது. பெண்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் செல்ல நேதாஜி மறுத்தார். பகலில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பதுங்கியும் இரவில் நடந்தும் பாங்காக் போய்ச் சேர மூன்று வாரங்கள் ஆயின. அவருடன் வந்த பெண்கள் குழுவை வழிநடத்தியவர் ஜானகி. அப்போது அவருக்கு 20 வயது, நம்மில் பலர் இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும் வயது.

போருக்குப் பின் மலாயா வந்த இந்தியக் காங்கிரசின் மருத்துவக் குழுவில் அவர் தொண்டு செய்தார். 1946 ஆகஸ்டில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு ம.இ.கா. அமைக்கப்பட்டபோது, அதன் தோற்றுநர்களுள் ஒருவராக நின்றார். பிற்காலத்தில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரும் ஆனார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9-ஆம் நாள் கோலாலம்பூரில் காலமானார். அவரைப் பற்றிய கட்டுரைகள் போர்க்கால ஈராண்டை விரித்து எழுதிவிட்டு, பின் வந்த அறுபத்தெட்டு ஆண்டுகளை நான்கு வரிகளில் முடித்துவிடுகின்றன (இக்கட்டுரையும்தான்!).

அவரோடு துப்பாக்கி பிடித்த தோட்டத்துப் பெண்களுக்கு அந்த நான்கு வரிகளும் இல்லை. ம.இ.கா. பிறந்த அந்த 1946-இல், அவர்களில் பலர் பழைய லயங்களுக்கே திரும்பி, விடியற்காலையில் மீண்டும் பால்வாளி தூக்கிக் கொண்டிருந்தார்கள்.