கம்பியில்லா மவுஸும் பழைய பேட்டரிப் பழக்கங்களும்

உங்கள் பாட்டனார் மூன்று கட்டை டார்ச் வைத்திருந்தாரா? ஸுப்ஹுத் தொழுகைக்காக இருட்டில் பள்ளிவாசலுக்கு நடக்கவும், மேட்டூர் அணை திறந்து முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் வயலுக்குச் சென்று மடை பார்க்கவும் அதை விட்டால் வேறு துணை ஏது? ஒளி மங்கிவிட்டால் அவர் உடனே கடைக்கு ஓடமாட்டார். கட்டைகளை உருவி, மொட்டைமாடிச் சுவரின்மேல் வெயிலில் வரிசையாக அடுக்கிவைப்பார். மாலையில் டார்ச்சில் போட்டால் விளக்கு எரியும்!

அது வெறும் நம்பிக்கையன்று. அந்நாளைய துத்தநாகக் கட்டைகளில், மின்சாரம் எடுக்க எடுக்க வேதிக் கழிவுகள் உள்ளே தேங்கி வழியை அடைத்துக்கொள்ளும். சிறிது ஓய்வும் சூடும் கிடைத்தால் தேக்கம் ஓரளவு கலைந்து, எஞ்சிய வலு வெளிப்படும். வெயில் புதிதாக எதையும் ஊட்டுவதில்லை. உள்ளே முடங்கிக் கிடந்ததை எழுப்பிவிடும், அவ்வளவே.

அந்தப் பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் கைகளில் இன்று கம்பியில்லா மவுஸ் இருக்கிறது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, அய்யம்பேட்டை என நம் காவிரிப் படுகை ஊர்களில், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவர் உழைக்கும் வீடுகள் எத்தனை! விடுப்பில் வருகிறவர் பெட்டியில் மடிக்கணினியோடு மவுஸும் வந்துவிடுகிறது. ஓராண்டு கழிந்ததும் "சார்ஜ் நிற்கவில்லை, கம்பெனி சரியில்லை" என்ற புலம்பலும் வந்துவிடுகிறது. பல வேளைகளில் குற்றம் கம்பெனியுடையதன்று. டார்ச்சுக் கட்டைக்குக் கற்ற பாடத்தை லித்தியம் பேட்டரிக்கு நடத்துகிறோம்; கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மின்கம்பி செருகி சார்ஜ் ஏற்றும் மவுஸுக்குள் பெரும்பாலும் இருப்பது லித்தியம் பேட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. இதன் ஆராய்ச்சிக்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. (பேட்டரி ஆராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால், காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.)

இந்த வகைக்கு வெயில்தான் முதல் பகை. நம் பகுதியின் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதன்று. முழுமையாக ஏற்றிய லித்தியம் பேட்டரியை அந்தச் சூட்டில் ஓராண்டு வைத்திருந்தால், அதன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீளாமல் போய்விடும். பாதியளவு மட்டும் ஏற்றி வைத்திருந்தால் இழப்பு அதில் பாதிகூட இராது. மாடி அறையின் சன்னல் திண்டும், வெயிலில் நிறுத்திய காரும் மவுஸுக்கு உகந்த இடங்களல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது, "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடவேண்டும்" என்னும் பழக்கம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. சுவீடன் நாட்டு யுங்னர் 1899-இல் கண்டுபிடித்த நிக்கல்-காட்மியம் பேட்டரி, ஒரு காலத்தில் நம் வீட்டு நிக்காஹ்களைப் படம்பிடித்த வீடியோ கேமராக்களில் இருந்தது. அரைகுறையாகத் தீர்த்து மீண்டும் மீண்டும் ஏற்றினால் அது சோர்ந்துபோகும் என்பதால் அந்த எச்சரிக்கை அன்று பொருத்தமாக இருந்தது. லித்தியத்துக்கு அது தலைகீழ். 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குமுன் ஏற்றிவிடுங்கள். 80-ஐத் தாண்டியதும் கழற்றிவிடலாம். தேர்வு விண்ணப்பம் நிரப்பும் நாளில் நூறு வரை ஏற்றிக்கொள்வதால் பெருங்கேடு ஒன்றும் வந்துவிடாது. நாள்தோறும் இரவெல்லாம் செருகியே வைத்திருப்பதுதான் வேண்டாதது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு பீரோவுக்குள் நிகழ்கிறது. இரண்டு மாத விடுப்பு முடிந்து அத்தா பயணமானதும், மவுஸும் துணிகளுக்கிடையே உறங்கப் போகிறது. அடியிலுள்ள சிறு விசையை யாரும் அணைப்பதில்லை. பேட்டரி சிறுகச் சிறுக இறங்கி, மீட்க முடியாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த விடுப்பில் எடுத்துச் செருகினால் விளக்குகூட மின்னாது. பாலைவனச் சூட்டில் உழைத்த பணம் ஒரு விசையை அணைக்காததால் போனது! வைப்பதற்கு முன் பாதியளவு ஏற்றி, விசையை அணைத்து, குளிர்ச்சியான அறையில் வையுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஈயப் பேட்டரி உள்ள பழைய எமர்ஜென்சி விளக்குக்கு இதே முறையைக் கடைப்பிடித்துவிடாதீர்கள். அதை எப்போதும் முழுமையாக ஏற்றியே வைக்கவேண்டும். குறைந்த நிலையில் கிடந்தால் உள்ளே உப்புப் படிந்து பயனற்றுப் போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் கரையைத் தாக்கி, பல ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பரணில் கிடந்த விளக்கு அப்படிப்பட்ட இரவில் எரியுமா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாதாரணக் கட்டை போடும் மவுஸ் வைத்திருப்போர்க்கு வேறு கவலை. விசையை அணைத்தாலும் போதாது. நெடுநாள் வைப்பதானால் கட்டையைக் கழற்றிவிடவேண்டும். அல்கலைன் கட்டை கசிந்தால் வெண்பொடி பூத்து உலோக முனைகளை அரித்துவிடும். அது காரப்பொருள், வெறுங்கையால் தொடாதீர்கள். கட்டையை எடுத்தபின் பஞ்சில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மீண்டும் மீண்டும் ஏற்றக்கூடிய நிக்கல் கட்டையையும் இவ்வகை மவுஸில் போடலாம். அதன் அழுத்தம் 1.5 அன்று, 1.2 வோல்ட், ஆதலால் முழுதாக ஏற்றியிருந்தும் சில மவுஸ்கள் குறைவாகக் காட்டும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அல்கலைன் கட்டையை அந்தச் சார்ஜரில் ஒருநாளும் போடாதீர்கள். கசியும், வெடிக்கவும் கூடும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ, குத்தவோ அழுத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதையும் அன்றோடு நிறுத்துங்கள்.

தீர்ந்த கட்டைகளை வாய்க்காலில் எறிவதை இன்னும் காண்கிறோம். அந்த நீர்தான் நாற்றங்காலுக்குப் பாய்கிறது. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதே சுமத்துகின்றன. ஈரமில்லாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் முனைகளில் ஒட்டுத்தாள் ஒட்டிச் சேர்த்துவைத்து, நகரத்துக்குப் போகும்போது மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடலாம்.

என்னைக் கேட்டால், ஆண்டுக்கு இரண்டே மாதம் கணினி திறக்கும் வீட்டுக்குக் கட்டை போடும் மவுஸே ஏற்றது. உள்ளிருக்கும் லித்தியம் செத்தால் பெரும்பாலும் மவுஸையே தூக்கிப்போட நேரும். கட்டை தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வேறொன்று கிடைக்கும். மகனோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் கணினி தொடும் உம்மாவுக்குக் கம்பியுள்ள மவுஸையே வாங்கிக் கொடுங்கள்.