அலமாரியில் கெடும் ஃபிளாஷ்

பழைய கேமரா ஃபிளாஷில் புது பேட்டரி போட்ட பிறகும் ‘ரெடி’ விளக்கு எரிய நெடுநேரம் ஆகிறதா, அல்லது எரியவே இல்லையா? முனைகளில் துரு இல்லையென்றால், சந்தேகிக்க வேண்டியது உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரை. ரிப்பேர்க் கடைகளில் அதைக் கண்டென்சர் என்பார்கள். உழைத்துத் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் ஃபிளாஷையே தூக்கிப் போடுகிறார்கள். ஆனால் பல ஃபிளாஷ்களில் அதைக் கெடுத்தது உழைப்பு அல்ல, சும்மா கிடந்த ஆண்டுகள். ஒரே ஓர் உறுப்பின் கோளாறுக்காக முழுக் கருவியையும் கழிப்பது வீண்.

இந்தக் கெபாசிட்டருக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், ஈரமான மின்பகு திரவம் ஊறிய காகிதத்தோடு சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மின்கசிவைத் தடுப்பது தகட்டின் மேலுள்ள மெல்லிய ஆக்ஸைடு படலம். மின்னழுத்தம் கிடைக்கும்போதெல்லாம் அந்தப் படலம் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் மின்சாரமே படாவிட்டால் அது நலிந்து, ஏற்றிய மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசியும். அதனால்தான் பேட்டரி எவ்வளவு முயன்றாலும் மின்னழுத்தம் ஏறுவதில்லை. கசிவு மிதமாக இருந்தால், பெரிய ரெசிஸ்டர் வழியே மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றிப் படலத்தை மீட்கலாம். உறை உப்பியிருந்தாலோ, திரவம் வெளியே வந்திருந்தாலோ மாற்றுவதுதான் வழி. புதியதன் மைக்ரோஃபாரட் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக் கூடாது. முக்கியமாக, அது ஃபிளாஷுக்கென்றே செய்யப்பட்ட வகையாக இருக்க வேண்டும். சாதாரண பவர் சப்ளை கெபாசிட்டர் திடீரென மொத்தமாக மின்சாரத்தைக் கொட்டும் வேலைக்குத் தாங்காமல் சூடாகிவிடும். இங்கே சாமராஜநகரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விசாரிக்கலாம்.

‘இது ஆபத்தான வேலையாயிற்றே’ என்பது நியாயமான ஆட்சேபம். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 330 வோல்ட்டில் ஏறக்குறைய 54 ஜூல் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கலாம். உடலில் பாய்ந்தால் உயிருக்கே உலை வைக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் உரசிப் பொறி பறக்க விடும் பழக்கம் தவறு. 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியே வடித்தால் பத்து விநாடிகளில் மின்னழுத்தம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதையும் நம்பிவிடாமல் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஆபத்து இருப்பதால் வேலை தெரிந்தவர் தேவை என்றுதான் ஆகிறதே தவிர, ஃபிளாஷ் குப்பைக்குப் போக வேண்டும் என்று ஆகாது.

‘செல்போனிலேயே எல்.இ.டி. வெளிச்சம் இருக்கிறதே’ என்பது அடுத்த கேள்வி. இந்தச் சாமராஜநகர் மாவட்டத்தின் பந்திப்பூர் காடே அதற்குப் பதில் தருகிறது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்றானது அது. ஒவ்வொரு புலியின் வரிகளும் தனித்தனி. தானியங்கிக் கேமராவில் பதிந்த வரிகளைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை 1990-களில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் பக்கத்து நாகரஹொளெயில் வளர்த்தெடுத்தார். இருட்டில் நடந்து போகும் புலியின் வரிகள் கலங்காமல் பதிய, செனான் குழலின் மிகக் குறுகிய வலுவான மின்னல் தேவை. கெபாசிட்டர் மொத்தமாகக் கொட்டும் ஆற்றல்தான் அந்த மின்னலைத் தருகிறது. எல்.இ.டி.யின் மெல்லிய தொடர் வெளிச்சத்தில் அசைவு மங்கலாகிவிடும்.

பழுதுபார்த்த ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவில் யோசிக்காமல் மாட்டிவிடக் கூடாது. சில பழைய ஃபிளாஷ்கள் கேமராவுடன் இணையும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் தரும். அது புதிய கேமராவின் மின்சுற்றைக் கெடுத்துவிடலாம். அந்த அளவையும் பார்த்துவிட்டுப் பழைய ஃபிலிம் கேமராவிலோ வயர்லெஸ் டிரிகர் வழியாகவோ பயன்படுத்தலாம். பிறகு மாதம் ஒருமுறையாவது முழுதாகச் சார்ஜ் ஏற்றி நான்கைந்து முறை அடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். இந்தச் சிறு பயிற்சி இல்லாமல் மறுபடி அலமாரியில் பூட்டினால், மாற்றிய கெபாசிட்டரும் பழையதன் வழியிலேயே போகும்.