எது முதலில் நிற்கும்?

குளோரோஃபார்ம் கொடுத்த நோயாளி மேசையிலேயே இறந்துபோனால், முதலில் நின்றது மூச்சா, இதயமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நாற்பது வருடம் சண்டை போட்ட கேள்வி இது. விடை தேட ஹைதராபாத் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான் கஜானாவைத் திறந்துவிட்டார்.

எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1847 நவம்பரில். மூன்று மாதம் ஆவதற்குள், நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகம் எடுக்கப்போன இடத்தில் இறந்துபோனாள். அதிலிருந்து மருத்துவ உலகம் இரண்டு கட்சியானது. லண்டனில் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எடின்பரோவில் படித்தவர்கள் மூச்சைப் பார்த்தால் போதும் என்றார்கள். ஹைதராபாதில் ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்டு லாரி எடின்பரோ கட்சி, அதிலும் விடாப்பிடியானவர்.

1888-ல் லாரி நாய்களை வைத்துச் சோதித்து, நிற்பது மூச்சுதான் என்று அறிவித்தார். லண்டனின் லான்செட் இதழ் நம்பவில்லை. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, உங்கள் ஆளையே அனுப்பிப் பாருங்கள் என்றார். 1889-ல் வந்து இறங்கினார் லாடர் பிரண்டன், அன்றைய பெரிய மருந்தியல் நிபுணர். இதயம் முதலில் நிற்கக்கூடும் என்று நம்பி வந்தவர். நாய், குரங்கு, ஆடு, குதிரை என்று 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின; அந்தக் கணக்கை இன்று படிக்க மனம் ஒப்பவில்லை. மூச்சு நின்ற பிறகும் இரத்த அழுத்தக் கருவியின் முள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து பிரண்டனும் கட்சி மாறினார்.

அப்படி ஆடியதற்குக் காரணம் இருக்கிறது. இதயம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. அதன் வலது மேலறைச் சுவரில் இருக்கும் ஒரு சின்னத் திசுக்கொத்து தானாகவே மின்துடிப்பை எழுப்பும். நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டாலும் எழுப்பும். நுரையீரலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகள் விரிந்தால்தான் காற்று உள்ளே வரும். உதரவிதானம் இறங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து கழுத்து நரம்பு வழியே உத்தரவு வந்தாக வேண்டும். இரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முகுளம் பெரும்பாலும் உத்தரவு போடுகிறது. மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டுவது இதனால்தான். குளோரோஃபார்ம் அளவு மீறினால் முகுளம் தூங்கிப்போகும், மூச்சு நிற்கும். இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து இதயம் சில நிமிடம் ஓட்டும். ஹைதராபாதில் பார்த்தது பொய்யில்லை.

ஆனால் அது பாதிதான். தானே துடிக்கிற இதயத்தின் வேகத்தை மற்ற உறுப்புகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. மணிக்கட்டில் விரலை வைத்து நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைந்து, விடும்போது தணியும். இளவயதினருக்கு நன்றாகவே தெரியும். முகுளத்திலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. நரம்பு மட்டுமல்ல, இரத்தமும் சேதி கொண்டுபோகும். பயந்தால் மூளை தூண்ட, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. நாடி எகிறுகிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, குடல் தன் வேலையைத் தள்ளிப்போடுகிறது. ஓடித் தப்பிக்க வேண்டியவனுக்கு இவ்வளவும் நல்லதே.

குளோரோஃபார்ம் ஏறிய உடம்பில் இதுவே எமனாகிறது. 1911-ல் லண்டனில் குட்மன் லெவி பூனைகளை வைத்துக் காட்டினார்: மயக்கம் லேசாக இருக்கும்போது அட்ரினலின் பாய்ந்தால், இதயத்தின் கீழறைகள் தாளம் தப்பி, புழுக்கூட்டம்போல் நெளிந்து, ஒரு சொட்டு இரத்தத்தைக்கூட வெளியே தள்ளாமல் ஓய்ந்துபோகின்றன. ஹன்னா கிரீனர் மயக்கத்துக்கு முன் பயந்து அழுதவள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். லாரியும் பிரண்டனும் ஆழ்ந்த மயக்கத்தையே துருவித் துருவிப் பார்த்தவர்கள். ஆபத்து மேலோட்டமான மயக்கத்தில் ஒளிந்திருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அட்ரினல் சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்று ஆலிவரும் ஷேஃபரும் வெளியிட்டதே 1894-ல்தான்.

ஹைதராபாதில் லாரியின் மருத்துவப் பள்ளியில் குளோரோஃபார்ம் கொடுக்கக் கற்றவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி. உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர். அந்தப் பள்ளிதான் இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரி. அறுவை அரங்குகளில் குளோரோஃபார்ம் இப்போது இல்லை. நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை மூச்சுக்கு மூச்சு வரைந்து காட்டும் திரை இருக்கிறது. அந்தக் கோடு திடீரென விழுந்தால் மூச்சுக்குழாய் கழன்றிருக்கலாம். அல்லது இதயம் நின்று, நுரையீரலுக்கு இரத்தம் போகாமல் இருக்கலாம். இரண்டிலும் கோடு விழும் என்பதால், மயக்க மருத்துவரின் ஒரு கை குழாய்க்குப் போகும்போதே இன்னொரு கை நாடிக்குப் போய்விடும்.