ரப்பர் கேட்பவரிடம் எடையைக் கேளுங்கள்

மளிகையோடு ஸ்டேஷனரி, விளையாட்டுப் பொருள், ஹார்டுவேர் என்று இரண்டொரு அலமாரி சேர்த்து நடத்தும் வியாபாரிகள் நம்மில் உண்டு. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களோ இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களோ வந்து, "நல்லா இழுபடுற ரப்பர் டியூப் 30 மீட்டர் வேணும்" என்று கேட்டால், அது பெரும்பாலும் மாடல் கிளைடருக்காக இருக்கும்.

ரேடியோ கண்ட்ரோலில் பறக்கும் இந்தச் சிறு விமானத்தில் இன்ஜின் கிடையாது. தரையில் அடித்த முளையில் ரப்பரைக் கட்டி, மறுமுனையில் கயிற்றைச் சேர்த்து, கயிற்று நுனி வளையத்தை விமானத்தின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டிப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். காற்றை எதிர்த்து விட்டால் பட்டம்போல் மேலேறும். உச்சியில் வளையம் தானே கழன்றுவிடும். 30 மீட்டர் ரப்பரும் 120 மீட்டர் கயிறும் வழக்கமான அளவு. 2 மீட்டர் இறக்கை கொண்ட மரக் கிளைடர்களுக்கான எப்3எல் சர்வதேசப் போட்டியில் 15 மீட்டர் ரப்பர், 100 மீட்டர் கயிறு.

"கனமான விமானம், இன்னும் பத்து மீட்டர் சேர்த்துக் கொடுங்க" என்பவர்கள் உண்டு. நமக்கு வியாபாரம்தான், அவருக்குப் பயனில்லை. நீளம் கூடினால் இழுக்கும் நேரம்தான் கூடும். இழுக்கும் பலம் கூட வேண்டுமானால் ரப்பரின் கனம் கூட வேண்டும். ஆகவே முதலில் விமானத்தின் எடையைக் கேளுங்கள். எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு இழுவை போதும் என்பது பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 1 கிலோ விமானத்துக்கு 3 முதல் 4 கிலோ. நம் கடையிலுள்ள ஸ்பிரிங் தராசே இதற்குப் போதும். ஒரு மீட்டர் துண்டை மூன்று மீட்டராக இழுத்துத் தராசு காட்டுவதைப் பாருங்கள். மெல்லிய ரப்பர் விமானத்தைத் தூக்காது. தடித்தது இறக்கையை ஒடித்துவிடும். முளை பிடுங்கிக்கொண்டால் இழுப்பவர் முகத்தை நோக்கித்தான் பாயும். கண் போகிற காரியம். அதனால் சின்ன ஆணியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நீளமான இரும்பு முளையாகக் கொடுங்கள்.

அளக்கும்போது ரப்பரைத் தளர்வாகக் கிடத்தி அளக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அளந்த 30 மீட்டர் அவர் வீட்டில் 27 ஆகிவிடும். அப்புறம் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

சரக்கு வாங்குவதிலும் கவனம் வேண்டும். இயற்கை ரப்பரான லேடெக்ஸ் டியூப்தான் இதற்கு ஏற்றது. 10 செ.மீ. அளவுக்குக் கோடு போட்டு 30 செ.மீ. வரை இழுத்து விட்டால், கோடுகள் பழைய இடத்துக்கு வர வேண்டும். மடித்துப் பார்த்தால் மேலே நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலும், விரலில் பிசுபிசுத்தாலும் அது பழைய சரக்கு. விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய ரப்பரைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அலமாரிதான். வெயில், வெப்பம், எண்ணெய் மூன்றும் இதற்கு ஆகாது. கடலெண்ணெய் டின்னுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பக்கத்தில் வைத்தால் ஊறிப் பலமிழக்கும். செம்புக் கம்பியால் கட்டி வைப்பதும் கூடாது; செம்பு பட்ட இடம் சீக்கிரம் கெடும். டால்கம் பவுடர் தூவி, காகிதப் பெட்டியில் இருட்டாக வைக்கலாம். சில்லறைக்குக் கட்டும் ரப்பர் பேண்டுக்கும் இதே பக்குவம்தான். எப்படி வைத்தாலும் ரப்பர் வருஷக்கணக்கில் காத்திருக்காது. கேட்பவர் இருந்தால் ஒரு சுருள் எடுங்கள்; அது தீர்ந்த பிறகு அடுத்த சுருளுக்குச் சொல்லலாம்.