அடுத்தாத்து அம்புஜத்துக்கு மெட்டமைத்தவர்

தமிழ்த் திரையிசையில் மறதி இரு வகைப்படும்: பாடலே காதில் விழாமல் போவது ஒன்று, பாடல் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்க, அதற்கு மெட்டமைத்தவரின் பெயர் மட்டும் உதிர்ந்துபோவது மற்றொன்று. இரண்டாவது மறதியே முதலாவதற்கு வழிவிடுகிறது. ஏனெனில் ஒரு பாடலில் மனம் தோய்ந்தவருக்கு அதன் இசையமைப்பாளரின் பெயர் தெரியாவிட்டால், அவர் அமைத்த மற்ற பாடல்களைத் தேடிச் செல்ல வழியில்லாமல் போகிறது.

இதற்குத் தக்க சான்று வி. குமார். 'எதிர்நீச்சல்' (1968) படத்தின் 'அடுத்தாத்து அம்புஜத்த' பாடலைக் கேட்டிராத தமிழர் அரியர். ஆனால் அதன் இசையமைப்பாளர் யார் என்று கேட்டால், எம். எஸ். விஸ்வநாதன் என்று தயங்காமல் சொல்பவர்கள் பலர். கே. பாலசந்தரின் நாடகங்களுக்கு இசையமைத்து வந்த குமார், பாலசந்தர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி' (1965) வழியாகத் திரைக்கு வந்து, 'மேஜர் சந்திரகாந்த்' (1966), 'இரு கோடுகள்' (1969), 'அரங்கேற்றம்' (1973) எனத் தொடர்ந்து அவருடைய படங்களுக்கு இசையமைத்தார். எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்று நாயகர்களின் பெயராலேயே பாடல்களை நினைவில் வைத்துப் பழகிய சமூகத்தில், நாகேஷும் சௌகார் ஜானகியும் நடித்த படங்களின் பாடல்களுக்கு அத்தகைய பிடிமானம் வாய்க்கவில்லை என்பதே இந்த மறதிக்கு முதன்மையான காரணமாகத் தோன்றுகிறது.

பாடல் பரவிய விதமும் இதற்குத் துணைபோயிற்று. வானொலி அறிவிப்பாளர், குறிப்பாக இலங்கை வானொலியின் அறிவிப்பாளர், படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் ஆகிய விவரங்களைச் சொல்லியே பாடலை ஒலிபரப்புவார். அரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமோ, அதாவது கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிட்டுப் பாடல் வரிகளை அச்சிட்ட அந்த மெல்லிய தாள் நூலோ, கலைஞர்களின் பெயர்களையும் தாங்கி வந்தது. ஆனால் பின்னர் வந்த ஒலிப்பதிவு நிலையங்களில், வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலின்படி பதிவுசெய்யப்பட்ட ஒலிநாடாவின் உறையட்டையில் பாடலின் முதற்சொற்களும் படத்தின் பெயரும் எழுதப்பட்டாலே பெரிது.

ஒரு பெயர் விடுபட்டால் நேரும் குழப்பம் சிறிதன்று. 'தேன் சிந்துதே வானம்' என்னும் பாடல் 'பொண்ணுக்கு தங்க மனசு' (1973) படத்திற்காக ஜி. கே. வெங்கடேஷ் அமைத்தது; 1975இல் அதே தொடரைத் தலைப்பாகக் கொண்டு வெளிவந்த படத்திற்கு இசையமைத்தவரோ வி. குமார், அதில் ஜேசுதாஸ் பாடிய 'உன்னிடம் மயங்குகிறேன்' அவருடைய மெட்டு. தலைப்பை மட்டும் நம்பித் தேடுபவர் ஒருவருக்குரிய புகழை மற்றவருக்குச் சூட்டிவிடக்கூடும். போதிய வெளிச்சம் பெறாத இருவரில் எவருக்கும் இது நியாயமாகாது. ஆகவே பிறருக்கு ஒரு பழைய பாடலைப் பரிந்துரைப்பவர் ஐந்து விவரங்களையேனும், அதாவது படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர், குரல் ஆகியவற்றைச் சேர்த்தே சொல்வது நல்லது.

அவ்வாறு பெயரைப் பிடித்துச் செல்பவருக்குக் கிடைப்பவை சாதாரணமானவை அல்ல. 'வெள்ளி விழா' (1972) படத்தில், துள்ளல் பாடல்களுக்கே உரியவர் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த எல். ஆர். ஈஸ்வரியைத் தாழ்ந்த குரலில், அருகிலிருப்பவருக்கு மட்டும் கேட்கும்படியாகப் பாடவைத்தார் குமார்; அதுவே வாலி இயற்றிய 'காதோடுதான் நான் பாடுவேன்'. அதனினும் குறைவாகக் கேட்கப்படுவது, 'நாணல்' (1965) படத்திற்காக டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய 'விண்ணுக்கு மேலாடை'. உவமைக் கவிஞர் எனப் பெயர் பெற்ற சுரதா, உலகத்துப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் எது மேலாடை என்று அடுக்கிச் செல்கிறார். அடுத்த ஆடை எதுவாக இருக்கும் என்று கேட்பவர் எண்ணத் தொடங்குவதற்குள் மறுகுரல் அதைச் சொல்லிவிடுகிறது.