பழைய மடிக்கணனியும் புதிய இயங்குதளமும்

எமது கிராமிய நிலையத்தின் மேசையில் இருக்கும் மடிக்கணனிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜீ.பி. நினைவகம், விண்டோஸ் 10 இயங்குதளம். விடுமுறைக்கு ஊர் வந்த குடும்பமொன்று விட்டுச்சென்ற அன்பளிப்பு அது. மாதர் சங்கத்தின் சேமிப்பு, கடன் கணக்குகள் அதிலேயே பதியப்பட்டு வந்தன. மாலையில் பிள்ளைகள் தட்டச்சுப் பழகுவதும் அதில்தான். விசைப்பலகையில் இரண்டொரு எழுத்துக்கள் தேய்ந்துபோனதைத் தவிரக் குறையென்று சொல்ல எதுவும் இருக்கவில்லை.

எனினும் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. மேலதிக காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுவோர் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்றாயிற்று. 2021 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 ஐ நிறுவலாமென்றால் அது எமது கணனியை ஏற்க மறுத்தது. இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமாம், ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டுமாம். தகவல்களைப் பூட்டும் இரகசியச் சாவிகளைக் காத்துவைக்கும் சிறு பெட்டகம் என்று அதனைச் சொல்லலாம். எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017 இல்தான். அதற்கு முந்தியவை, எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஒரே அறிவித்தலில் தகுதியிழந்தன.

"புதுசு ஒண்டு வாங்குங்கோ பாதர், இது இனிச் சரிவராது" என்றார் நகரில் கணனி திருத்தும் தம்பி. சொல்வது இலகு. 2022 இல் டொலரொன்றின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதன் பின்னர் வெளிநாட்டுப் பொருளெதுவும் கிராமத்தவர் கைக்கெட்டும் விலையில் இல்லை. ஐந்நூறும் ஆயிரமுமாகப் பெண்கள் சேர்த்த பணத்தில் கைவைக்க எமக்கு மனம் வரவில்லை.

மாற்று வழியொன்று இருப்பதை எமது நிலையத்தில் உதவிக்கு நின்ற இளைஞர் கண்டறிந்தார். ரூஃபஸ் என்றொரு சிறிய இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸ் 11 இன் நிறுவற் கோப்பை அது பென் டிரைவ் ஒன்றில் ஏற்றித் தரும், அவ்வேளையில் ரி.பி.எம்., நினைவக அளவு போன்ற நிபந்தனைகளை நீக்கவா என்றும் கேட்கும். ஆமென்று அடையாளமிட்டால் போதும். 8 ஜீ.பி. பென் டிரைவ் ஒன்றும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

எமக்கு முடியவில்லை. ரூஃபஸ் வேலையைத் தொடங்குமுன் பென் டிரைவில் உள்ள யாவற்றையும் அழித்துவிடும். அதனை எச்சரித்தும் சொல்லும். நாம் வாசிக்காமலே சரியென்று அழுத்தினோம். கையிலிருந்த ஒரேயொரு பென் டிரைவ் அது. சங்கக் கணக்கின் பிரதியும் அதில்தான் இருந்தது. மூலம் கணனியில் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. அடுத்து, எந்தப் பகுதியில் நிறுவுவது என்று திரை கேட்டபோது, பழையவற்றைத் துப்புரவாக்குவோம் என்று வன்தட்டின் பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கினோம். கணக்கு இருந்த 'டி' பகுதியும் போயிற்று. இரவு பத்து மணிக்கு விண்டோஸ் 11 அழகாகத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மறுநாட் காலையில் சங்கச் செயலாளரிடம் சொல்ல எமக்கு நா எழவில்லை. சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்பு வீட்டுக்குப் போய் மூன்று கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கணனியிலை போட்டாலும் நான் எழுதாமல் விடுறேல்லை பாதர்" என்றார். கணனி வந்தபின்னும் ஏன் இந்த இரட்டை வேலை என்று அவரைப் பலமுறை கடிந்தவர்கள் நாமே. கொப்பிகளைப் பார்த்து மீண்டும் பதிந்து முடிக்க நான்கு மாலைகள் பிடித்தன.

நிறுவிய இயங்குதளம் ஓடியது. ஆனால் 4 ஜீ.பி. நினைவகத்தில் மூச்சிரைத்து ஓடியது. மெதுவைப் பொறுக்கலாம். எமக்கு யோசனையைத் தந்தது வேறு. நிபந்தனை நிறைவேறாத கணனிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்குமென்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. மாதாந்தத் திருத்தங்கள் எமக்கு வந்தன. ஆண்டுக்கொருமுறை வெளியாகும் புதிய பதிப்பு அப்படித் தானாக வருவதில்லை. மீண்டும் பென் டிரைவும் கையுமாக உட்காரவேண்டும். அதைச் செய்யத் தெரிந்த இளைஞரோ இதற்குள் கட்டாருக்குப் போய்விட்டார். கணனியைப் பராமரிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் கையிலிருந்து எமது கைக்கு மாறிவிட்டது. எமது கையிலோ ஆள் இல்லை.

ஆகவே லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாறினோம். இலவசமானது, 2024 யூலையில் வெளியான அதன் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய கணனியென்று அது முகம் சுளிப்பதில்லை. வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது, ஏற்கெனவே சூடுகண்ட எமக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. கூடவே வரும் லிப்ரே ஒஃபிஸில் எக்செல் கணக்குகள் திறந்தன. பங்கு அலுவலகத்திலிருந்து பிரதிபண்ணி எடுத்த பழைய கடிதங்கள் மாத்திரம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரிந்தன. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து அமைத்த எழுத்துரு அது. கணனியில் அது இல்லாவிடில் தமிழும் இல்லை. எழுத்துருக் கோப்பை நிறுவியதும் கடிதங்கள் தமிழாயின. அச்சு இயந்திரத்தை இணங்கவைக்க இன்னொரு முழு மாலை போயிற்று.

விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கியல் மென்பொருளைப் பாவிக்கும் நிலையங்களுக்கு இவ்வழி பொருந்தாது. பராமரிக்கத் தெரிந்த ஒருவர் நிலைத்து நிற்கும் இடமாயின், அவர்கள் விண்டோஸ் 11 ஐ நிபந்தனை நீக்கி நிறுவிப் பார்க்கலாம். நினைவகத்தை 8 ஜீ.பி. ஆக்கி, சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பூட்டினால் இன்னும் நல்லது.

அயற்கிராம நிலையத்தில் இதேபோன்ற இரு மடிக்கணனிகள் மூடிக் கிடக்கின்றன. வரும் சனிக்கிழமை அங்கு போகிறோம். இம்முறை பென் டிரைவ் இரண்டு. ஒன்று கணனிக்கு, மற்றையது சட்டைப்பையை விட்டு வெளியே வராது. செயலாளரும் கூட வருகிறார், கொப்பிகளோடு.